பாஸ்போர்ட் காலாவதியாகவில்லை, ஆனாலும் விமானத்தில் ஏற்றவில்லை: ஏன்?

பாஸ்போர்ட்டில் அச்சிட்ட தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. விசா கையில் இருக்கிறது, டிக்கெட்டும் உறுதியாகிவிட்டது. ஆனாலும் சிங்கப்பூர் விமானத்துக்கு போர்டிங் பாஸ் தர முடியாது என்று செக்-இன் கவுண்டரில் சொல்லிவிடுகிறார்கள். முதல்முறை வெளிநாடு கிளம்புகிறவருக்கு இது அநியாயமாகத்தான் தோன்றும். காலாவதியாகாத பாஸ்போர்ட்டை ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?

பாஸ்போர்ட் ஒன்றுதான். அதைப் பார்ப்பவர்கள் பலர், ஒவ்வொருவரும் அதில் தேடுவது வேறு. இதைப் புரிந்துகொண்டாலே பாதிச் சிக்கலை வீட்டில் உட்கார்ந்தபடி தீர்த்துவிடலாம். அண்மைக் காலத்தில் இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. முத்திரை குத்திய மேசைகளில் கேமராவும் கைரேகைக் கருவியும் வந்துவிட்டன. ஓர் எழுத்து வித்தியாசத்தையோ ஒரு நாள் கூடுதலையோ அதிகாரியிடம் எடுத்துச் சொல்லிச் சமாளித்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. இயந்திரத்திடம் சமாளிக்க முடியாது.

யார் எதைப் பார்க்கிறார்கள்

சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். வாசலில் விமான நிலையத்தைக் காக்கும் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப்பின் காவலர் டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் முகமும் ஒன்றுதானா என்று பார்க்கிறார். உள்நாட்டுப் பயணத்துக்குப் பழகிய, முகத்தைக் காட்டி நுழையும் டிஜியாத்ரா செயலியை நம்பி ஆதாரோடு மட்டும் வந்தால் பயணம் இங்கேயே நின்றுவிடும். அடுத்தது விமான நிறுவனத்தின் கவுண்டர். அதற்குப் பிறகு இமிகிரேஷன், அதையும் தாண்டித்தான் உடல், கைப்பைச் சோதனை. கடைசியாக, இறங்கும் நாட்டின் இமிகிரேஷன்.

இவற்றில் அதிகம் பேர் குறைத்து மதிப்பிடுவது கவுண்டரைத்தான். அங்கே இருப்பவர் சீட் நம்பர் தருகிறவர் மட்டுமில்லை. போய்ச் சேரும் நாடு உங்களை உள்ளே விடாவிட்டால், அடுத்த விமானத்தில் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுகிறது. பல நாடுகள் அதற்கு மேல் அபராதமும் போடுகின்றன. அதனால் ஊழியர் உங்கள் குடியுரிமை, போகும் நாடு, இடையில் மாறும் நாடு, பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி எல்லாவற்றையும் டைமாட்டிக் என்ற விதித் தொகுப்பில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் அந்தத் தொகுப்பை நடத்துவது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா. அதில் பொருந்தவில்லை என்று வந்தால் ஊழியருக்கு இரக்கம் இருந்தாலும் வழி இல்லை. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், 2026 ஜனவரி 30 முதல் இன்னாரை ஏற்றாதே என்று விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே உத்தரவு அனுப்பும் முறையைத் தொடங்கியது. விசா இல்லாதவர்களும் ஆறு மாதச் செல்லுபடி இல்லாதவர்களும் இப்படி ஏறும் இடத்திலேயே நிறுத்தப்படுகிறார்கள்.

ஆறு மாதக் கணக்கு

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் என்று நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகள் கேட்பது ஆறு மாதம். காரணம் எளிது. வந்தவர் நோயில் படுத்தாலோ வழக்கில் சிக்கினாலோ பயணம் நீளும். அப்போது பாஸ்போர்ட்டும் காலாவதியாகிவிட்டால் அவரைத் திருப்பி அனுப்புவது இரண்டு நாடுகளுக்கும் தலைவலி. அதைத் தவிர்க்கும் முன்பணம்தான் இந்த ஆறு மாதம்.

பொதுவாக இதை டிக்கெட் எடுத்த நாளிலிருந்தோ கிளம்பும் நாளிலிருந்தோ எண்ணுவதில்லை, போய் இறங்கும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஜனவரி 15 அன்று இறங்குகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட் ஜூலை 15 வரையாவது செல்ல வேண்டும். ஜூலை 10 என்று இருந்தால் ஐந்து நாள் குறைவு. அந்த ஐந்து நாளுக்காகத்தான் பயணம் போகிறது.

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு. அங்கே எண்ணுவது திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதம். ஜூன் 10 அன்று பாரிஸை விட்டுக் கிளம்புகிறவருக்கு செப்டம்பர் 10 வரை செல்லுபடி வேண்டும். அதோடு பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டு பத்து ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது, விசாவுக்கு இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். பத்து ஆண்டு விதி இந்திய பாஸ்போர்ட்டை அநேகமாகத் தொடாது. மாட்டிக்கொள்பவர்கள் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருக்கும் உறவினர்கள். 2018 செப்டம்பருக்கு முன்பு வாங்கிய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளில் பழைய புத்தகத்தின் மிச்ச மாதங்கள், ஒன்பது வரை, சேர்க்கப்பட்டிருக்கும். கடைசித் தேதி வராவிட்டாலும், கொடுத்த நாளிலிருந்து பத்து ஆண்டு முடிந்தால் ஐரோப்பாவுக்கு அது செல்லாது.

அமெரிக்கா இந்தியர்களிடம் ஆறு மாதத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. தங்கும் காலத்துக்குச் செல்லுபடி இருந்தால் போதும். ஆனால் எச்-1பி என்ற வேலை விசாவில் போகிறவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. விசா 2028 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் 2027-ல் முடிகிறது என்றால், எல்லை அதிகாரி எதுவரை தங்கலாம் என்பதைக் குறிக்கும் ஐ-94 பதிவைப் பெரும்பாலும் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்திவிடுவார். சட்டப்படி தங்கும் உரிமை ஐ-94 தேதியைப் பொறுத்தது, விசா ஸ்டிக்கரைப் பொறுத்ததில்லை. இதைக் கவனிக்காமல் விட்டு, கெடு தாண்டிய பிறகு வக்கீலைத் தேடுவது பெரிய செலவு. இறங்கிய மறுநாளே ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட்டை முடிவதற்கு ஓர் ஆண்டு முன்பே மறுவெளியீட்டுக்குக் கொடுக்கலாம். ஆகவே கடைசி ஓராண்டுக்குள் வந்துவிட்ட பாஸ்போர்ட்டோடு டிக்கெட் போடாமல், முதலில் புதிது வாங்குவதே நல்லது. பெரியவர்களுக்குப் பத்தாண்டு, 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. தொலைந்ததற்கும் சேதமானதற்கும் மாற்றாக 36 பக்கப் புத்தகம் வாங்க 3,000. குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுதான் செல்லும். குடும்பமாகப் போகும்போது அப்பா அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் குழந்தையுடையதை மறப்பது அடிக்கடி நடக்கிறது. நால்வரில் ஒருவருடையது செல்லாவிட்டால் நால்வர் பயணமும் நின்றுவிடும்.

புதிய பாஸ்போர்ட் என்றால் புதிய எண். பழைய புத்தகத்தின் மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். அதில் இருக்கும் அமெரிக்க விசா அதனால் செத்துவிடாது, இரண்டு புத்தகங்களையும் சேர்த்து எடுத்துப் போனால் செல்லும். ஆனால் எண்ணோடு இணைந்த மின்விசாக்கள் அப்படி இல்லை. பிரிட்டனில் தங்கும் அனுமதியை மின்விசாவாக வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்கில் புதிய எண்ணை ஏற்றாவிட்டால், கவுண்டரில் விசா இல்லாதவராகவே தெரிவார்கள்.

கீழே இருக்கும் இரண்டு வரி

புகைப்படப் பக்கத்தின் அடியில் எழுத்தும் எண்ணும் அம்புக்குறிகளுமாக இரண்டு வரி இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடம். பெயர், எண், பிறந்த தேதி, கடைசித் தேதி எல்லாம் இயந்திரம் படிக்கும் வடிவில் அங்கே இருக்கின்றன. இடையில் வரும் சில இலக்கங்கள் சரிபார்ப்புக்கானவை. மற்ற இலக்கங்களைக் குறிப்பிட்ட முறையில் பெருக்கிக் கூட்டினால் அந்த இலக்கம் வர வேண்டும். யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால் கணக்கு உதைக்கும். இந்த வரிகள் மேல் தண்ணீர் பட்டு மை பரவினாலோ, மேலே ஒட்டிய உறை உரிந்தாலோ கருவி படிக்காது. அப்படிப்பட்ட பாஸ்போர்ட் சேதமானதாகவே கருதப்படும். தையல் விட்ட புத்தகம், குழந்தை கிறுக்கிய பக்கம், கிழிந்த மூலை எல்லாமே கவுண்டரில் கேள்விக்கு உள்ளாகும். போன பயணத்தை மறைக்கப் பக்கத்தைக் கிழிப்பது அதைவிடப் பெரிய விபரீதம். அது குற்றம், கைது வரை போகும்.

இந்தியா இப்போது தருவது சிப் வைத்த இ-பாஸ்போர்ட். 2024 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கி, சென்னை மண்டல அலுவலகத்தில் 2025 மார்ச் 3 முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். முன்னட்டையில் பொன்னிறச் சின்னம் ஒன்று இருந்தால் அது இ-பாஸ்போர்ட். உள்ளே இருக்கும் சிப்பில் உங்கள் விவரமும் முகப்படமும் இந்திய அரசின் மின்கையொப்பத்தோடு பூட்டப்பட்டிருக்கும். விவரத்தை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. பையில் இருக்கும்போதே யாராவது திருட்டுத்தனமாகப் படித்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சிப்பைத் திறக்கும் சாவி அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து அவற்றைப் படித்தால்தான் சிப் பேசும். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அதன் கடைசித் தேதி வரை அது முழுமையாகச் செல்லும்.

முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு புதிய விதி: 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றையும் காட்டலாம்.

இனிஷியல் வைத்த பெயர்

தமிழர்களுக்கு வெளிநாட்டுப் பயணத்தில் நேரும் சிக்கல்களில் மிகப் பெரியது இதுதான் என்பது எங்கள் கணிப்பு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். உலகத்தின் கணினிகளோ ஒவ்வொரு மனிதனுக்கும் இரண்டு பெட்டிகளை வைத்திருக்கின்றன: ஒன்று சொந்தப் பெயர், இன்னொன்று குடும்பப் பெயர்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் ஏற்கப்படாது, விரித்து எழுத வேண்டும். கி. முருகேசன் என்பவர் சொந்தப் பெயர் முருகேசன், குடும்பப் பெயர் கிருஷ்ணன் என்று எழுதலாம். அல்லது முருகேசன் என்று மட்டும் எழுதி இரண்டாவது பெட்டியைக் காலியாக விடலாம். இரண்டுமே சட்டப்படி சரி. ஆனால் காலியாக விட்டவர்தான் பின்னால் அவதிப்படுகிறார்.

2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. ஆனாலும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு. அமெரிக்காவில் சிக்கல் வேறு மாதிரி. ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைக் குடும்பப் பெயர் பெட்டியில் தள்ளிவிட்டு, சொந்தப் பெயர் தெரியவில்லை என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்றெழுத்தை முதல் பெட்டியில் போடுகிறார்கள். அது விசாவோடு நிற்பதில்லை. ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயராகிவிடும். மாணவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறோம்: பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துப் பதிந்துகொள்ளுங்கள். அதுவும் மறுவெளியீட்டு விண்ணப்பம்தான். விசா வந்தபின் மாற்றினால் விசா, சேர்க்கைக் கடிதம், பாஸ்போர்ட் மூன்றும் மூன்று விதமாக நிற்கும்.

டிக்கெட் எடுக்கும்போது ஆதாரைப் பார்த்துப் பெயர் போடாதீர்கள், பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போடுங்கள். ஒற்றைப் பெயர் என்றால் இரண்டாவது பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரைத் திரும்ப எழுதச் சொல்வார்கள். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் டிக்கெட், அப்பா பெயரில் பாஸ்போர்ட் என்று தேனிலவுப் பயணம் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

இசிஆர் முத்திரை

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர், அதாவது குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை, என்ற குறிப்பு இருக்கும். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வருவது இது. சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது மட்டும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அது இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தின் வழியே கிடைக்கும். சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ போனால் தேவையில்லை.

இதைத் தொல்லையாக நினைத்து, முகவர் சொன்னதைக் கேட்டுச் சுற்றுலா விசாவில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒப்புதல் வாங்கும் வழியில்தான் வேலை ஒப்பந்தம் பதிவாகிறது, பத்து லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதீய பீமா காப்பீடும் சேர்கிறது. சம்பளம் கொடுக்காத முதலாளி மீது தூதரகத்தில் புகார் செய்ய அந்தப் பதிவுதான் பிடிமானம். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப்போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. பாங்காக் போகும் இளைஞரிடம் இமிகிரேஷனில் கூடுதலாகக் கேள்வி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். முகவர் பதிவு பெற்றவரா என்பதை இமைக்ரேட் தளத்திலேயே பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

சென்னை, திருச்சி, கொச்சி, பெங்களூரு, திருவனந்தபுரம் உள்ளிட்ட விமான நிலையங்களில் இமிகிரேஷன் வரிசையைத் தவிர்க்க ஒரு வசதி வந்திருக்கிறது. நம்பகப் பயணி திட்டத்தில் இணையத்தில் இலவசமாகப் பதிந்து, ஒருமுறை கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் மின்கதவு வழியாகப் போய்விடலாம். பதிவு ஐந்து ஆண்டுக்கோ பாஸ்போர்ட் முடியும் வரைக்கோ, எது முன்னதோ அதுவரை செல்லும். விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அடிக்கடி போய்வருகிறவர்கள் இன்றே பதிந்துகொள்ள வேண்டியது இது.

ஐரோப்பாவில் போன முத்திரை

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாக வந்தது. 2026 ஏப்ரல் 10-ஐ முழு நடைமுறைக்கான நாளாக வைத்தார்கள். 29 நாடுகளுக்கு ஒரே பதிவேடு. அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் நான்கு விரல் ரேகையும் எடுக்கிறார்கள். ஷெங்கன் விசா வாங்கும்போதே ரேகை கொடுத்துவிடுவதால், விசாவில் போகும் நமக்கு எல்லையில் புதிதாகப் பதிவது முகம்தான். பதிவு மூன்று ஆண்டு இருக்கும்.

இதனால் மாறியது 90/180 கணக்கின் கண்டிப்பு. எந்த நாளில் நின்று பின்னோக்கிப் பார்த்தாலும், கடந்த 180 நாளில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருந்திருக்கக் கூடாது. உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் கணக்கில் சேரும். ஓர் உதாரணம்: மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை ஜெர்மனியில் இருந்தீர்கள், 60 நாள். ஜூன் 1 அன்று பிரான்சுக்குப் போகிறீர்கள். வெளியே போய்வந்ததால் கணக்கு புதிதாகத் தொடங்காது, மிச்சம் 30 நாள்தான். ஜூன் 30 அன்று கிளம்பிவிட வேண்டும். மார்ச் 1-ம் தேதி கணக்கிலிருந்து கழிவது ஆகஸ்ட் 28 அன்றுதான், அதுவும் ஒரே ஒரு நாள். முன்பு மங்கலான முத்திரைகளைப் புரட்டி அதிகாரி கூட்டிப் பார்க்க வேண்டியிருந்ததை இப்போது கணினி நொடியில் சொல்லிவிடும். விசாவில் தங்கும் நாள் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அந்த எண்ணிக்கைதான் செல்லும்.

இணையத்தில் எட்டியாஸ் என்ற ஐரோப்பியப் பயண முன்அனுமதி வாங்கித் தருகிறோம் என்று இந்தியர்களிடம் பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவர்களுக்கானது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசாதான்.

அமெரிக்காவும் இதே திசையில் போகிறது. 2025 டிசம்பர் 26 முதல் குடிமக்கள் அல்லாத எல்லோரையும் வரும்போதும் போகும்போதும் படம் எடுக்க அந்நாட்டு விதி இடம் தருகிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் காகித அட்டையை விட்டுவிட்டு மின் வருகை அட்டை கேட்கின்றன. மூன்றையும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், மூன்றும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் இதற்குக் காசு வாங்குகின்றன. அந்தந்த நாட்டு அரசு முகவரிதானா என்று பார்த்து நிரப்புங்கள்.

இடையில் விமானம் மாறுகிறவர்கள் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக மலிவில் எடுக்கும்போது யோசிக்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். தனி டிக்கெட் என்றால் பல இடங்களில் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டின் விசா வேண்டும். இல்லாவிட்டால் சென்னையிலேயே ஏற்றமாட்டார்கள்.

ஸ்கேனர் முன்னால்

நூறு மில்லி விதி எங்கிருந்து வந்தது? 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதியை லண்டனில் போலீசார் முறியடித்தார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தண்ணீரும் அந்தத் திரவமும் ஒரே மாதிரி தெரியும். அதனால் அளவைக் குறைத்தார்கள்: ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பைக்குள். இங்கே பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவு. 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சம் எண்ணெய்தான் இருக்கிறது என்றாலும் எடுத்துவிடுவார்கள். ஊறுகாய், நெய், தயிர், தேன், சட்னி, பற்பசை எல்லாமே திரவக் கணக்கு.

புதிய சிடி ஸ்கேனர்கள் மருத்துவமனைக் கருவி போலப் பையைச் சுற்றிலும் படமெடுத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளின் அடர்த்தியையும் கணக்கிடுகின்றன. அவை உள்ள இடங்களில் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டியதில்லை. எடின்பரோ, பர்மிங்ஹாம், ஹீத்ரோ விமான நிலையங்களில் இப்போது இரண்டு லிட்டர் பாட்டில் வரை விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2024 செப்டம்பர் 1 அன்று பழைய 100 மில்லிக்கே திரும்பியது. பிறகு 2025 ஜூலையில் ஒரு வகை ஸ்கேனருக்கு ஒப்புதல் தந்தது. ஆகவே லண்டனில் விட்டார்கள் என்பதால் வழியில் மாறும் விமான நிலையத்திலும் விடுவார்கள் என்று நம்ப முடியாது. பயணத்தில் எத்தனை சோதனை இருக்கிறதோ அத்தனையிலும் கண்டிப்பான இடத்தின் விதிக்குத் தயாராகுங்கள். ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கும் வாசனைத் திரவியத்தையும் மதுவையும் முத்திரையிட்ட பையில் தருவார்கள். கடைசி ஊர் சேரும் வரை அதைப் பிரிக்கக் கூடாது, ரசீது உள்ளேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2025 ஜூலையில் காலணி கழற்றும் விதி நீங்கியது. ஆனால் பொடிகளுக்கான விதி 2018 ஜூன் 30 முதல் இருக்கிறது. அமெரிக்கா போகும் விமானத்தில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், என்னவென்று உறுதிப்படுத்த முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள். சாம்பார்ப் பொடியும் இட்லிப் பொடியும் பெரிய பெட்டியில்தான் போக வேண்டும்.

பெரிய பெட்டிக்கும் எல்லாம் ஆகாது. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் அதை அபாயப் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். கசகசா அமீரகத்திலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. குருமாவுக்காக அம்மா கட்டிக் கொடுத்த பொட்டலம் ஆளை லாக்கப்பில் வைத்துவிடும், இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ட்ரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். பால், இறைச்சி சேர்ந்த தின்பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடுவதில்லை, நெய்யும் பால்கோவாவும் இதில் அடங்கும்.

பவர் பேங்க் இதற்கு நேர்மாறு. பெரிய பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் கோளாறாகிச் சூடேறத் தொடங்கினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குப் பரவி நிற்காமல் எரியும். இருக்கைப் பகுதியில் என்றால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றி அடக்குவார்கள், அடியில் சரக்கறையில் யாரும் எட்ட முடியாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் எரிந்தது. தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் வைத்த பவர் பேங்கே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். எல்லோரும் உயிர் தப்பினார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்தில் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்றுதான், அதையும் பயன்படுத்தக் கூடாது, மேல் பெட்டியில் வைக்கக் கூடாது என்றது.

பவர் பேங்க் தேக்கும் மின்சாரத்துக்கு வரம்பு 100 வாட்-மணி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. கணக்கு எளிது: அதன் மேல் அச்சிட்ட எம்ஏஎச் அளவை ஆயிரத்தால் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட்-மணி, 20,000 என்றால் 74, 27,000 என்றால் 99.9. 30,000 எனில் 111, வரம்பு தாண்டிவிட்டது. மேலே அச்சிட்ட எழுத்து தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால் அளவு சிறிதானாலும் எடுத்துவிடுவார்கள். மறந்துபோய்ப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால், ஸ்கேனில் தெரிந்ததும் பெட்டியை நிறுத்திவைத்து உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். அறிவிப்பு காதில் விழாவிட்டால் நீங்கள் போவீர்கள், பெட்டி நிற்கும். இ-சிகரெட் எந்தப் பையிலும் வேண்டாம், இந்தியாவில் 2019 முதலும் சிங்கப்பூரில் அதற்கு முன்பிருந்தும் தடை இருக்கிறது.

கவுண்டரில் மறுத்துவிட்டால்

முதலில் எந்த விதி என்று தெளிவாகக் கேளுங்கள், டைமாட்டிக்கில் வந்ததைக் காட்டச் சொல்லுங்கள். சில நேரம் விசாவின் வகையையோ இடை நாட்டையோ தவறாகப் பதிந்ததால் மறுப்பு வந்திருக்கும், மேற்பார்வையாளர் மறுபடி பதிந்தால் சரியாகிவிடும். பெயரில் எழுத்துப்பிழை என்றால் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கேயே திருத்தித் தருகின்றன. இணையப் பயண முகவரிடம் எடுத்த டிக்கெட்டை அவர்தான் திருத்த முடியும் என்பதால் அவர் எண்ணைக் கையில் வைத்திருங்கள். செல்லுபடி போதவில்லை என்றால் வாதாடிப் பயனில்லை. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: விமானம் கிளம்பும் முன்பே டிக்கெட்டைத் தள்ளிப்போடவோ ரத்து செய்யவோ சொல்லுங்கள். கிளம்பிய பிறகு என்றால் வராத பயணி என்று பதிவாகி, திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகலாம், பணமும் பெரும்பாலும் வராது. மறுநாள் காலையில் பழைய பாஸ்போர்ட்டோடு அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் கையொப்பமிட்ட நகலையும் எடுத்துக்கொண்டு, தட்கலில் நேரம் பதிந்து பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போங்கள்.